இரண்டு அசனம் வைத்த சபையாருக்கு

பிரியமான சபையாருக்கு,

டீச்சர் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவள் நான். மீதிப் பேருக்குப் பெரியம்மாவோ அத்தையோ மதினியோ ஆக வேண்டும். அதனால் இந்த மடலை எந்த அணி எழுதச் சொன்னது என்று யாரும் துப்பு துலக்க வேண்டாம். இரண்டு அணியும் என்னிடம் கையெழுத்துக் கேட்டு வந்தன. இரண்டு அணிக்கும் காப்பி கொடுத்து அனுப்பினேன், கையெழுத்துப் போடவில்லை. அந்த ஒரு குற்றத்துக்காக நான் ‘அந்தப் பக்கத்து ஆள்’ என்று இரண்டு பக்கமும் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்துவிட்டது.

இன்னும் நாலு வாரத்தில் பிரதிஷ்டைப் பண்டிகை. போன வருஷப் பண்டிகை உங்களுக்கு மறந்திருக்காது. எனக்கு மறக்கவில்லை.

நம் கோயிலில் அசனம் என்றால் சனிக்கிழமை சாயங்காலமே பாய் விரித்துவிடுவோம். அரிவாள்மனையும் கையுமாகப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தால், பூசணிக்காய் ஒரு குவியல், கத்தரிக்காய் ஒரு குவியல், நடுவில் ஊர்க்கதை ஒரு குவியல். விடியற்காலையில் ஆண்கள் அண்டாவை ஏற்றித் துடுப்புப் போடுவார்கள். வடித்த சோற்றை ஓலைப்பாயில் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டும்போது எழும் ஆவியில் கோயில் கோபுரமே கொஞ்ச நேரம் மங்கித் தெரியும். வரிசையில் உட்காருகிற எவனிடமும் ‘நீ யார்’ என்று கேட்பதில்லை. வெளியூர்க்காரன் உட்காருவான், பஸ்ஸுக்கு நின்றவன் உட்காருவான், பக்கத்துத் தெரு முஸ்லிம் பாய் வீட்டுப் பிள்ளைகள் உட்காருவார்கள். இலை போட்டாகிவிட்டால் சோறு விழும். அதற்குப் பெயர்தான் அசனம்.

போன வருஷம் இரண்டு இடத்தில் புகை எழுந்தது. ஒன்று கோயில் வளாகத்தில், இன்னொன்று புளியந்தோப்பில். ஒரு சபை, ஒரு பண்டிகை, ஒரே ஆராதனை, இரண்டு அண்டா. சரி, வைராக்கியம் என்று விட்டுவிடலாம். ஆனால் ஏழு வயதுப் பையன் ஒருவன், கோயில் வளாகத்தில் சாப்பிட்டுவிட்டுத் தோப்பில் பாயசம் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கேயும் ஓடிப்போய் உட்கார்ந்தான். கரண்டியோடு வந்த பெரியவர் அப்படியே நின்று, “ஏலே, நீ யாரு வீட்டுப் பிள்ளை?” என்று கேட்டார். நான் வேலி ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். பையன் அப்பா பெயரைச் சொன்னான். கரண்டி அடுத்த இலைக்குப் போய்விட்டது.

அந்தப் பெரியவரின் பெயரை எழுத மாட்டேன். கோயில் வளாகத்தில் கரண்டி பிடித்தவர்களும் அன்றைக்கு அதே கேள்வியைத்தான் வேறு பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

இது எங்கே தொடங்கியது என்று உங்களுக்கே தெரியும். கோபுர மராமத்துக் கணக்கில் தொடங்கியது. கணக்குக் கேட்டவர்களுக்குச் சொல்கிறேன்: நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை. கைப்பிடி அரிசி எடுத்து வைத்துக் காணிக்கை கொடுத்த கிழவிக்கும் கணக்குக் கேட்க உரிமை உண்டு. கமிட்டியில் இருக்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: கணக்குக் கேட்டவனை ‘சபைக்கு விரோதி’ என்று பேசியது நீங்கள்தான். அன்றைக்கே நோட்டை விரித்துக் காட்டியிருந்தால் காரியம் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். அதற்குள் சபைத் தேர்தல் வந்தது. கணக்கு அணியானது, அணி தெருவானது, தெரு குடும்பமானது. இப்போது கோர்ட்டில் நம்பர் வாங்கி நிற்கிறது. கிறிஸ்மஸுக்கு இரண்டு கேரல் குழு வந்ததே, நினைவிருக்கிறதா? தபால் ஆபீஸ் முனையில் இரண்டு கிறிஸ்மஸ் தாத்தாவும் எதிரெதிரே வந்து, இரண்டு டிரம்மும் ஒன்றை ஒன்று அமுக்கப் பார்த்து, கடைசியில் நாய்கள்தான் ஜெயித்தன. அன்றைக்குச் சிரித்தேன். படுக்கையில் விழுந்தபிறகு சிரிப்பு வரவில்லை.

உங்களில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: “நாங்க பொறுமையாத்தான் இருக்கோம் டீச்சர். அவங்கதான்...” இரண்டு பக்கமும் பொறுமையாக இருக்கிற சண்டையை நான் இப்போதுதான் பார்க்கிறேன். உங்கள் பொறுமை எனக்குத் தெரியும். ஏனென்றால் அதையே நான் 11 வருஷம் வளர்த்தவள்.

என் தங்கையை உங்களுக்குத் தெரியும். அப்பா செத்த பிறகு வீட்டைப் பிரித்தபோது நடுவில் எழுப்பிய சுவர் என் பக்கம் ஒரு முழம் ஏறிவிட்டது என்று எனக்குக் கோபம். அவளுக்கும் ஏதோ கோபம். அது என்னவென்று கேட்கக்கூட நான் நிற்கவில்லை. 11 வருஷம் பேச்சில்லை. யாராவது கேட்டால், “அவ வாய்க்கு நான் பதில் பேசுறதில்ல, பொறுத்துப் போறேன்” என்பேன். ஜெபக்கூட்டத்தில் நீடிய பொறுமையைப் பற்றிச் செய்தியே கொடுத்திருக்கிறேன். உண்மையில் அது பொறுமையா? வீம்பு. அவள் வந்து காலில் விழட்டும் என்று காத்திருந்தேன். கொக்கும் அப்படித்தான் ஒற்றைக்காலில் காத்திருக்கிறது.

கோயிலில் நாங்கள் ஒரே வரிசையில் உட்காருவோம், நடுவில் யாரையாவது விட்டு. திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுக்கும் நேரம் உங்களுக்குத் தெரியும். ஐயர் கையிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக வரும். ஒருவர் வலது கையை நீட்ட, வாங்குகிறவர் தன் வலது உள்ளங்கையை அதில் பொருத்தி இடது கையால் மூட வேண்டும். 1950-இல் வந்த நம் தென்னிந்தியத் திருச்சபை ஆராதனை முறையில், கேரளத்துச் சிரியன் சபைகளின் பழைய வழக்கத்தைப் பார்த்துச் சேர்த்த பழக்கம் அது. எனக்கும் தங்கைக்கும் நடுவில் உட்கார்கிறவள்தான் எங்கள் இருவருக்கும் சமாதானத்தை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல். நடு இடம் காலி. நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். ஒரு கை வந்து நின்றது. போகவில்லை, நின்றது. வேறு வழியில்லாமல் பிடித்தேன். சொரசொரவென்று இருந்தது. விரல் நுனியெல்லாம் வெட்டுக்காயம், சில பழசு, சில புதுசு. என் தங்கை ஓலைப்பெட்டி முடைந்து பிழைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவள் கை எப்படி ஆகிவிட்டது என்பது தெரியாது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு, கண்ணீர் எதுவும் இல்லை. “வந்துட்டியா? அடுப்புல பால் இருக்கு, பொங்கிடாமப் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு முடைந்த பெட்டியை முடிக்கப் போய்விட்டாள். சுவர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, என் பக்கம் ஒரு முழம் ஏறித்தான் இருக்கிறது.

இதை ஏன் ஊரறிய எழுதுகிறேன் என்றால், அடுத்தவன் இறங்கி வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பதற்குப் பொறுமை என்று பெயர் வைத்துக்கொண்டு இந்த வருஷமும் தள்ளிவிடுவீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

கல்யாணத்துக்குக் கல்யாணம் நாம் வாசிக்கிற கொரிந்தியர் முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் இருக்கிறதே, அன்பைப் பற்றியது. மாப்பிள்ளையும் பெண்ணும் தலைகுனிந்து நிற்க, ஐயர் நிதானமாக வாசிப்பார். நமக்கு அது கல்யாணப் பத்திரிகையில் போடுகிற வசனமாகிவிட்டது. பவுல் அதைக் கல்யாணத்துக்காக எழுதவில்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு எழுதினார். கொரிந்துச் சபையில் ஒரு கூட்டம் பவுல் பெயரைச் சொல்லியது, ஒரு கூட்டம் அப்பொல்லோ பெயரைச் சொல்லியது, இன்னொன்று கேபா பெயரைச் சொல்லியது. ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டு வெளி மன்றத்துக்குப் போனார்கள். 11-ஆம் அதிகாரத்தை இன்று இரவு எடுத்து வாசித்துப் பாருங்கள். கர்த்தருடைய பந்திக்குக் கூடியபோதும் அவரவர் கொண்டுவந்ததை அவரவர் முந்திச் சாப்பிட்டார்கள். ஒருவன் பசியோடு கிடக்க, இன்னொருவன் வெறித்துக் கிடந்தான். அதாவது, கொரிந்துக்காரர்களும் தனித்தனி அசனம்தான் வைத்தார்கள். அவர்களுக்குத்தான், அன்பின் குணங்களை அடுக்கும்போது நீடிய சாந்தம் என்ற சொல்லை முதலில் வைத்து, அந்த அதிகாரத்தை எழுதினார். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் கோபம் மெதுவாக, வெகுநேரம் கழித்து வருவது என்று பொருள். கோபமே வரக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. சட்டென்று கோபப்படாதே என்கிறார், அவ்வளவுதான்.

பிலிப்பியருக்கு எழுதியபோது இன்னும் ஒரு படி மேலே போனார். எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள். சுவிசேஷ வேலையில் தன்னோடு பாடுபட்டவர்கள் என்று அவரே சொல்கிறார். இருவருக்கும் ஏதோ மனஸ்தாபம். அந்தக் காலத்து நிருபத்தைச் சபை கூடியிருக்கும்போது சத்தமாக வாசிப்பார்கள். அத்தனை பேர் நடுவில் தங்கள் பெயர் வாசிக்கப்பட்டபோது அந்த இருவரும் எங்கே பார்த்திருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். யார் செய்தது சரி என்று பவுல் சொல்லவே இல்லை. புத்தி சொல்கிறேன் என்கிற வார்த்தையை எயோதியாளுக்கு ஒரு முறை, சிந்திகேயாளுக்கு ஒரு முறை என்று தனித்தனியாக எழுதுகிறார். கூட இருக்கிற இன்னொருவரிடம், இவர்களுக்கு உதவியாயிரு என்றும் கேட்டுக்கொள்கிறார். நம் சபையில் அந்த மூன்றாவது ஆள் யார்? கை தூக்குகிறவர்கள் யாருமில்லை. எல்லாரும் ஏதோ ஒரு பக்கத்து வாட்ஸாப் குழுவில் இருக்கிறீர்கள்.

நமக்கு ஏன் கொரிந்து, பிலிப்பி? நம் தேரிக்காட்டிலேயே ஆள் இருக்கிறார். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா. வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912-இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் அவரும் சேர்ந்து 33 பேர் கூடினார்கள். அதில் 31 பேர் இந்தியர்கள். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்ச் சண்டைகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து நம் தலையில் இறக்கிவிட்டார்கள், இந்தப் பிரிவினைகளை உண்டாக்கியவர்கள் நாம் அல்ல என்று அறிக்கை விட்டார்கள். அங்கிருந்து சபைகளை ஒன்றாக்கும் பேச்சு தொடங்கியது. அதிகம் எதைப் பற்றித் தெரியுமா? பேராயர் கைவைத்துக் குருப்பட்டம் பெறாதவர் குருவா இல்லையா என்பது பற்றி. நமக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அவர்களுக்கு அது உயிர்நிலை. ஒரு தரப்புக்குப் பேராயர் இல்லாமல் சபையே இல்லை; இன்னொரு தரப்புக்குப் பேராயர் என்றாலே பழைய காயம். 28 வருஷம் பேசினார்கள். கமிட்டிமேல் கமிட்டி, தீர்மானம்மேல் தீர்மானம், இங்கிலாந்திலிருந்து கண்டனம். கடைசியில் இரு தரப்பும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தன. ஏற்கனவே குருவாக இருக்கிறவர்களை மறுபடி கைவைக்காமல் அப்படியே ஏற்றுக்கொள்வது, இனிமேல் பேராயர்களே பட்டம் கொடுப்பது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. நாடு இரண்டாகப் பிரிந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.

அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1 அன்றே இறந்துவிட்டார். தான் உட்காரப்போவதில்லை என்று தெரியாமலே கால் நூற்றாண்டு அந்தப் பந்திக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்த மனுஷன் அவர். ஒன்றாக இருக்க வேண்டும் என்ற இயேசுவின் ஜெபம்தான் நம் திருச்சபையின் விருதுவாக்கு. சிலுவையும் தாமரையும் போட்ட அந்தப் பலகை நம் கோயில் வாசலிலும் தொங்குகிறது. அதற்குக் கீழே நின்றுதான் போன மாதம் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதற்குள் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த மடலை வைத்து யாராவது தப்பாகப் பிரசங்கம் பண்ணிவிடுவார்கள். பொறுமையை நாம் இதுவரை பெரும்பாலும் பெண்களுக்குத்தான் போதித்திருக்கிறோம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நான் இருந்தபோது, புருஷன் அடிக்கிறான் என்று அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணை, ஜெபம் பண்ணு, பொறுத்துக்கொள் என்று திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை அவள் வரும்போது கையில் கட்டுப் போட்டிருந்தது. அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கேட்டதால் கை சரியாகிவிடவில்லை. அடிக்கிறவனைத் தட்டிக்கேட்காமல் அடிவாங்குகிறவளுக்கு மட்டும் சொல்லும் பொறுமை கிறிஸ்துவுடையது இல்லை. கணக்குக் கேட்கிறவனை வாயை மூடச் சொல்லும் ஒற்றுமையும் அப்படித்தான். நான் கேட்பது அது அல்ல.

நான் கேட்பது என்னவென்று சொல்கிறேன்.

கமிட்டியாரே, மராமத்து நோட்டையும் பில்களையும் வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேதபாட அறையில் மேஜைமேல் வையுங்கள். கணக்குக் கேட்டவர்களே, நீங்கள் இரண்டு பேரை அனுப்புங்கள், கத்தத் தெரிந்தவர்களை அல்ல, கூட்டத் தெரிந்தவர்களை. கமிட்டியிலிருந்தும் இரண்டு பேர் உட்காரட்டும். நாலு பேரும் பார்த்து, தப்பு இருந்தால் தப்பென்று, இல்லையென்றால் இல்லையென்று ஒரே தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பணம் குறைந்திருந்தால் எடுத்தவர் கட்டட்டும். அந்தத் தாள் ஒட்டிய பிறகும் கோர்ட்டில் அந்த வழக்கு எதற்கு? இரண்டு வக்கீல்களுக்கும் இதுவரை கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தால் இன்னொரு கோபுரமே கட்டியிருக்கலாம் என்று நம் உபதேசியார் சொல்கிறார். அவர் கணக்கில் கொஞ்சம் மிகை இருக்கலாம்.

அப்புறம் அந்தப் பிள்ளைகள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். தேர்தலுக்கு முந்தின மாதம் நிச்சயம் பண்ணினீர்கள்; மோதிரம் மாற்றினீர்கள். பெண் வீடு ஒரு அணி, மாப்பிள்ளை வீடு ஒரு அணி என்று ஆன பிறகு, ‘பண்டிகை கழியட்டும்’, ‘வழக்கு முடியட்டும்’ என்று தள்ளிக்கொண்டே போகிறீர்கள். அந்தப் பெண் போன வாரம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. போகும்போது, “பெரியம்மா, எங்க கல்யாண ஓலைய வாசிக்க ஐயருக்குப் பயமா?” என்று கேட்டாள். ஐயருக்குப் பயமில்லை கண்ணு, உன் அப்பாவுக்கும் உன் மாமனாருக்கும்தான் பயம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. இப்போது அந்த இரண்டு பேரிடமே சொல்கிறேன். தம்பிமாரே, சின்ன வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள் நீங்கள் இருவரும். பண்டிகைக்கு முந்தின ஞாயிறு முதல் ஓலை வாசிக்கச் சொல்லுங்கள். மூன்று ஞாயிறு வாசித்தாக வேண்டும், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற எல்லாருக்கும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் மனதில் ஒரு வீடு இருக்கும், இந்த ஒன்றரை வருஷமாக வாசல் மிதிக்காத வீடு. எல்லா வீட்டுக்கும் போகச் சொல்லவில்லை, அந்த ஒரு வீட்டுக்குப் போங்கள். பலிபீடத்தண்டை காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று ஆண்டவர் சொன்னபோது, யார்மேல் தப்பு என்று விசாரித்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. அவனுக்கு உன்பேரில் குறை உண்டு என்று நினைவு வந்தால் போதும் என்றார். போய் விவாதிக்க வேண்டாம். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். கதவைத் திறக்காவிட்டால் அடுத்த வாரம் மறுபடி போங்கள். நானும் 11 வருஷம் கதவைத் திறக்காமல் இருந்தவள்தான், தங்கை கை நீட்டும்வரை.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நானும் தங்கையும் கோயில் முன்வாசலில் பாய் விரிப்போம். தோப்பில் வைத்திருக்கும் அண்டாவையும் இங்கே கொண்டுவந்துவிடுங்கள். போன வருஷம் வாங்கினது, பெரிசு, இரண்டு அணிக்கும் சேர்த்து வடிக்க அதுதான் தோது. அரிவாள்மனை அவரவர் கொண்டுவாருங்கள். பூசணிக்காய்க்கு நான் சொல்லிவிட்டேன். தேங்காய் துருவத்தான் இன்னும் ஆள் போதவில்லை.

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்